திருப்பம் ஒழிக்கப்பட்ட வரலாறு

அரசாங்க வண்டி ஒன்று திரும்ப மறுத்தால் சந்தேகத்துக்குரியவர்கள் மூவர்: வண்டி, ஓட்டுபவர், திருப்பம். திசைகாட்டிப் பலகைத் துறை இம்மூவரையும் முறைப்படி விசாரித்து, உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தண்டித்தது. நம் நகரம் இன்று இருக்கும் நிலைக்கு அந்த விசாரணையே காரணம் என்பதால், அதை எழுதி வைப்பது நல்லது.

சாலைகளில் அம்புக்குறிப் பலகை நடுவது துறையின் வேலை. துறைக்கு ஓர் இயக்குநர், இயக்குநருக்கு ஒரு கார், காருக்கு ஓர் ஓட்டுநர். ஓட்டுநரை அலுவலகமே அக்கா என்று அழைத்தது. அவள் தற்காலிக ஊழியர். தற்காலிகமாகவே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. எந்தப் புகாரும் வராமல் பார்த்துக்கொண்டால் இந்த ஆண்டு நிரந்தர ஆணை வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து இயக்குநரின் காருக்கு முதுகு பிசையும் இருக்கை வந்தது. பெரிய அதிகாரிகளிடையே அப்போது அதுதான் நாகரிகம். பிசையாத முதுகோடு கூட்டத்துக்குப் போனால் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். இருக்கையோடு காலடியில் நீல விளக்கு, தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி, வாசனை ஊதும் கருவி. எல்லாம் காரின் பேட்டரியை நம்பிப் பிழைத்தன.

ஒருநாள் மாலை, இயக்குநரின் வீட்டுத் தெரு முனையில், ஸ்டியரிங் திடீரென்று இறுகிவிட்டது. ஸ்டியரிங்குக்கு எதிரே, வேகம் காட்டும் கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அக்கா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். ஸ்டியரிங் யோசித்தது. கார் யோசிக்கவில்லை, நேரே போய் ஒரு முடிதிருத்தும் கடையின் படியில் ஏறி நின்றது.

பின்னால் கண்ணை மூடிப் பிசைபட்டுக்கொண்டிருந்த இயக்குநர், வீடு வந்துவிட்டதென்று அரைத்தூக்கத்தில் இறங்கி, உள்ளே போய், கைக்கு எட்டிய நாற்காலியில் சாய்ந்தார். கடைக்காரர் வழக்கம்போல் துணியைப் போர்த்தினார்.

"என்ன, இன்னைக்கு வீட்டுல கவனிப்பு பலமா இருக்கு?" என்றார் இயக்குநர், கண் திறக்காமல்.

திறந்தபோது பாதி மீசைதான் மிச்சம்.

மறுநாள் விசாரணை தொடங்கியது. முதலில் வண்டி. வரவழைக்கப்பட்ட மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு மோட்டார் கைகொடுக்கும் சார். கரண்டு பத்தலைன்னா அது விலகிக்கும். அப்புறம் வெறும் கைபலம்தான். இந்த முதுகு சீட்டு ஒயரைப் பிடுங்கிட்டு வண்டியை ஒருதரம் அணைச்சுப் போடுங்க, சரியாயிடும்."

தொழில்நுட்ப அலுவலர் மார்பை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார். தினமும் உடற்பயிற்சி செய்பவர். பயில்வான் என்று பெயர்.

"அப்போ இயக்குநரோட முதுகாலதான் கோளாறுன்னு நான் எழுதணுமா?"

"முதுகால இல்ல சார். சீட்டால."

"சீட்டுல யார் முதுகு இருக்கு?"

மெக்கானிக்குக் குடும்பம் உண்டு. கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மஞ்சள் விளக்கில் ஸ்டியரிங் படமும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் இருந்தன. வண்டி தன் ஸ்டியரிங்கைக் கண்டு தானே வியக்கிறது என்று பயில்வான் அறிக்கை அளித்தார். வண்டி விடுதலையானது.

அடுத்தது ஓட்டுநர். அக்காவுக்குக் கைபலம் போதவில்லை என்று நிரூபிக்க, அலுவலக வாசலில் காரை நிறுத்திவைத்து ஆண்கள் ஒவ்வொருவராக ஏறி ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார்கள். முதலில் பயில்வான். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் செங்கல் நிறமானது. உள்ளிருந்து முறத்தால் புடைப்பதுபோல் ஒரு மூச்சு கேட்டது.

"பூ மாதிரி சுத்துது!" என்று இறங்கினார்.

"டயர் அப்படியே நிக்குதே சார்" என்றாள் அக்கா.

"ஸ்டியரிங்கைச் சுத்துறது என் வேலை. டயர் சுத்துறது டயரோட வேலை. அதுல நான் தலையிட முடியாது."

அதற்குப் பிறகு ஏறியவர்களுக்கும் பூ மாதிரிதான் சுற்றியது. கனமாக இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குப் பலசாலி அங்கே யாருமில்லை.

மறுநாள் அத்தனை பேரும் கையைத் தாங்கும் துணித் தூளியைத் தோளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டால், தூங்கும்போது சுளுக்கு என்றார்கள். பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கைத் தொடாதவர்களும் கட்டிக்கொண்டார்கள். வார இறுதிக்குள் கடைகளில் சட்டைக்கு ஏற்ற நிறத்தில் தூளி வந்துவிட்டது.

இயக்குநர் அக்காவை அழைத்தார். "உடல் பலவீனம் காரணமா உன்னை வேலையிலிருந்து நிறுத்தலாம்னு இருக்கேன்மா."

அக்கா கார்ச் சாவியைக் கையில் எடுத்தாள். "சரிங்க சார். நாளையிலேருந்து யார் ஓட்டுவாங்க? பூ மாதிரி சுத்துதுன்னவங்கள்ல யாருகிட்ட சாவியைக் கொடுக்கட்டும்?"

பயில்வான் மின்விசிறியை ஆராய்ந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் தன் தூளியை இன்னும் இறுக்கிக் கட்டினார். ஓட்டுநரும் விடுதலை.

மிஞ்சியது திருப்பம். தன் சார்பில் அது எதுவும் சொல்லவில்லை.

"பலகை நம்ம கையில இருக்கு. ஒரு திருப்பம் நம்மகிட்டயே வாலாட்டுதா?" என்றார் இயக்குநர்.

'பொதுமக்களின் தோள் நலனைக் கருத்தில்கொண்டு' என்று தொடங்கிய ஆணையின்படி, நகரமெங்கும் இடது அம்பும் வலது அம்பும் பிடுங்கப்பட்டு நேர் அம்புகள் நடப்பட்டன. மக்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிறகு பெருமைப்பட்டார்கள். 'நான் திரும்புவதில்லை' என்று கார்க் கண்ணாடிகளில் ஒட்டினார்கள். திரும்புகிறவன் கோழை என்று மேடைகளில் பேசினார்கள். பிள்ளைகள் ஆசிரியர் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

பெரிய சாலை ஒரு பழைய கிடங்கின் மதிலில் போய் முடிகிறது. மாலையில் எல்லா வண்டிகளும் அங்கே போய் நின்றன. இறங்கி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு நடந்தோம். காலையில் மதிலிலிருந்து பின்பக்கமாகவே ஓட்டி அலுவலகம் சேர்ந்தோம். இதற்கு 'மாலை நடைத் திட்டம்' என்று பெயரிட்டார்கள். இயக்குநரும் நடந்தார். முதுகு மட்டும் நலமாக இருந்தது.

இப்படியிருக்க, ஒரு பிற்பகலில் தலைமை அலுவலகத்திலிருந்து அக்காவுக்குச் செய்தி வந்தது. நிரந்தர ஆணை தயார். அலுவலகம் மூடுவதற்குள் நேரில் வந்து வாங்காவிட்டால் ரத்து.

தலைமை அலுவலகம் பெரிய சாலையிலிருந்து வலது பக்கம் இருந்தது. இயக்குநர் பின்னால் அமர்ந்திருந்தார். பணிநேரத்தில் வண்டியை நடுவழியில் விட்டுப் போகும் தற்காலிக ஊழியர், பணியை விட்டே போனதாகக் கருதப்படுவார் என்று விதி.

அக்கா முனையில் காரை நிறுத்தினாள். குனிந்து இருக்கையின் ஒயரைப் பிடுங்கினாள். வண்டியை அணைத்துப் போட்டாள். மஞ்சள் விளக்கு வியப்பதை நிறுத்தியது. ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

கார் வலது பக்கம் திரும்பியது.

பின்னால் வந்த வண்டியும் திரும்பியது. அதற்குப் பின்னால் வந்ததும். பலகையை யார் பார்த்தார்கள்? எல்லோரும் முன்னால் போகிற வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "ஏம்மா, பிசையறது நின்னுபோச்சு?"

"கொஞ்சம் இளைப்பாறுது சார். அதுவும் பாவம்தானே?"

அக்கா உள்ளே ஓடி ஆணையை வாங்கினாள். வாசலில் இயக்குநரையும் அவர் பின்னால் நகரமே திரண்டு நிற்பதையும் கண்ட மேலதிகாரிகள், நேர்சாலைக் கொள்கைக்கு இவ்வளவு ஆதரவா என்று நெகிழ்ந்து, அதை நாடு முழுவதற்கும் நீட்டித்து அங்கேயே உத்தரவிட்டார்கள்.

மறுநாள் மாலை வழக்கம்போல் மதிலடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அக்காவின் காரும் நின்றது. பின் இருக்கை மும்முரமாகப் பிசைந்துகொண்டிருந்தது. நடக்கத் தயாராகச் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அக்கா, நேத்து வண்டியைத் திருப்பினது நீங்கதானே? நாளைக்கும் அந்த ஒயரைப் பிடுங்கிடுங்கக்கா. நாங்க பின்னாலயே வந்துடறோம். காலெல்லாம் வலிக்குது."

அக்கா புதுத் தூளியைத் தோளில் சரிசெய்துகொண்டாள். நீலநிறம், அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

"நேத்து நான் தற்காலிகம், தம்பி. இப்போ நிரந்தரம்."

அதில் இருந்த நியாயம் எங்கள் எல்லோருக்கும் உடனே புரிந்தது. நடக்கத் தொடங்கினோம்.