துப்பாக்கிக்கு மூன்று கால், எனக்கு ஒரு கணவர்

ஆக்லாந்து,
புதன்கிழமை

அன்புள்ள நல்லசாமி மாமாவுக்கு, தாரிணி வணக்கத்துடன் எழுதுவது. அத்தையின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கல்யாண ஆல்பம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே உங்கள் ஸ்டூடியோ ஈமெயிலுக்கு இதை அனுப்புவதற்கு மன்னிக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா இருக்கிறார். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. போன வாரம் கரூரில் நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் ஒரு கம்பினால் வந்தது.

எல்லர்ஸ்லி ஆபீஸில் திங்கட்கிழமை காலை எல்லோரும் காப்பியோடு நின்று சனி ஞாயிறு என்ன செய்தோம் என்று சொல்வார்கள். ஒருவர் மலை ஏறியிருப்பார், ஒருவர் படகு விட்டிருப்பார், நான் வந்த நாளிலிருந்து "துணி துவைத்தேன்" என்றே சொல்லி வருகிறேன். நம் வீட்டில் முதல் டிகிரி வாங்கியவள் கடல் தாண்டி வந்து துணி துவைத்த கதை சொல்வது எனக்கே பொறுக்கவில்லை. பக்கத்து மேசை ஜனுஷாவின் அப்பா டெஸ்மன் அங்கிள் மன்னார்க்காரர், மான் வேட்டைக்குப் போகிறவர். (பயப்படாதீர்கள் மாமா, இங்கே மான் பெருகிக் காட்டையே மேய்ந்து தீர்க்கிறது, அனுமதி வாங்கிச் சுடலாம். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே இருந்தால் நானும் சுடலாம்.) நானும் வருகிறேன் என்று எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் நண்பரின் பண்ணைக்குக் கூட்டிப்போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். குழல் பூரான் மாதிரி நெளிந்தது.

"பிள்ளை, துவக்கு ஆடுது. ஆடுற துவக்கோட நான் ஒருத்தரையும் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போகமாட்டன். மான் காயத்தோட ஓடினா ஆர் பதில் சொல்லுறது? தாங்கிறதுக்கு ஒண்டு பார்த்து வாங்கு. அந்தா அந்தத் தட்டில படட்டும், பிறகு கதைப்பம்." தூரத்துக் கம்பத்தில் ஒரு பேப்பர் தட்டை ஆணியடித்து வைத்திருந்தார்.

சரி, பட்டே தீரும் என்று முதலில் பைபாட் வாங்கினேன். இரண்டு குட்டிக் கால்கள், குழலுக்கு அடியில் திருகிவிட்டால் வெட்டுக்கிளி மாதிரி நிற்கும். சமதரையில் படுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை, எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் மான் வருவது சரிவில், சரிவில் இடுப்பளவுக்குப் பெரணிச் செடி, அங்கே போய்ப் படுத்தால் கண்ணுக்கு முன்னால் இலைதான். அங்கிள் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஓம், நல்லா நிக்குது. மான் குனிஞ்சு வந்து உனக்கு முகம் காட்டுமோ?"

பிறகு தனியாக ஊன்றும் கம்புகளைப் பற்றி இணையத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். இரண்டு கால் கம்பு இலேசு, ஆனால் முன்னும் பின்னும் ஆடும். மூன்று கால் கனம், ஆனால் ஆடாது. உங்கள் காமிரா ஸ்டாண்டு போலத்தான் மாமா. மூன்று கால்தான் என்று முடிவு செய்து, வெஸ்ட்கேட் பக்கம் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். உள்ளே எல்லோரும் தாடி, எல்லோரும் உயரம். கடைக்காரர் "யாருக்கு?" என்றார். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "கணவருக்கு" என்றேன். உயரம் கேட்டார். அம்மா தரகரிடம் எப்போதும் கேட்கிற உயரம் நாக்கில் இருந்தது, ஐந்தடி பதினொன்று என்றேன். நின்று சுடுவாரா, உட்கார்ந்தா என்றார். நின்றுதான் என்றேன். கல்யாணமாகி ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அவர் பழக்கமெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. நீளம் மாற்ற முடியாத ஒரு முக்காலிக் கம்பைக் கட்டிக் கொடுத்தார். திரும்பினால் பின்னால் கல்யாணி அக்கா, ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் எனக்குக் கீரை எடுத்து வைப்பவர், மழைக்கோட்டு வாங்க வந்திருக்கிறார். "சொல்லவே இல்ல பாத்தியா. மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?" நான் வழக்கம்போலச் சிரித்தேன். கரூரில் அவருடைய நாத்தனார் வீடு அம்மா வீட்டுக்கு எதிர்வீடு.

பண்ணையில் கம்பை விரித்தால் துப்பாக்கி என் நெற்றிக்கு நேராக இருந்தது. "இது ஆருக்கு வாங்கினது, ஒட்டகத்துக்கோ?" என்றார் அங்கிள். மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "கணவரைக் கூட்டி வாருங்கள், நிற்க வைத்துப் பார்ப்போம்" என்றார் கடைக்காரர். மாமா, அப்போது சொன்னேன். "கணவர் கிடையாது. எனக்குத்தான்." சத்தமாகவே வந்துவிட்டது, தாடிகளெல்லாம் திரும்பின. கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நிற்க வைத்தார், முட்டி போட வைத்தார், தரையில் உட்கார வைத்தார். கால் ஒவ்வொன்றையும் இழுத்துச் சுருக்கலாம் என்கிற வேறொன்றைக் கொடுத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றச் சொன்னார். அதுதான் எனக்கு. கால்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன, என் பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிவிட்டேன். "கம்புக்கும் சீலை உடுத்தியாச்சோ?" என்றார் அங்கிள். நான் உட்கார்ந்தேன், சுட்டேன். தட்டில் பட்டது, மாமா. ஓரத்தில் இல்லை. அங்கிள் தட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிடு" என்றார்.

இதற்கிடையில் செய்தி கரூருக்குப் போய்விட்டது. அம்மா அழுதாராம், ஐந்தடி பதினொன்று என்றதும் கொஞ்சம் தேறினாராம், சித்தி மகள் பிரணவி சொன்னாள். நானாகச் சொல்லட்டும் என்று எனக்குப் போன் செய்யாமல் இருக்கிறார். நீங்கள் இன்றே நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்த உயரத்துக்கு என்னிடம் இருந்தது ஒரு கம்பு, அதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.

வெண்ணைமலை முருகன் உங்கள் காமிராவையும் என் குறியையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள் மருமகள்,
தாரிணி

பி.கு.: அனுப்பப் போகும்போது பிரணவி மறுபடி கூப்பிட்டாள். திண்டுக்கல் மாப்பிள்ளை வீட்டார் என்னை வீடியோவில் பார்ப்பதாக இருந்தது, நான் காட்டுக்குக் கிளம்பும் இந்த ஞாயிற்றுக்கிழமைதானாம். எனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று தரகர் அதை நிறுத்தி வைத்திருக்கிறாராம். அதனால் மாமா, மேலே கேட்டதைச் செய்ய வேண்டாம். திங்கட்கிழமை வரை எனக்குக் கணவர் இருக்கட்டும். அன்று ஆபீஸில் காப்பி ஆறுவதற்குள் என் கதையைச் சொல்லிவிட்டு, நானே அம்மாவுக்குப் போன் செய்கிறேன். நீங்கள் பொய் எதுவும் சொல்ல வேண்டாம். அம்மா கேட்டால், ஆள் ஆடாமல் நிற்பார் என்று மட்டும் சொல்லுங்கள்.