ஈரல் வீங்கிய மாப்பிள்ளை

பேச்சுத் துணைக்காகத் தின்கிறவனுக்கு ஈரல் சீக்கிரம் கெடும். எனக்குக் கெட்டது.

சுதந்திரம் வந்த புதிது. தண்டையார்பேட்டையில் மாடியறை, பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தும் வேலை. அறையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். ஆகவே காலையும் மாலையும் டோல்கேட் காதர் பாயின் வடைக்கடை. (மெட்ராஸில் என்னைச் "சாப்ட்டியா?" என்று கேட்ட ஒரே ஆள் அவர். கேட்பது அவர் தொழில் என்பது எனக்குத் தோன்றவில்லை.)

ஒரு வருஷத்தில் நெஞ்செரிச்சல், வலது விலாவுக்குக் கீழே கல் வைத்தாற்போல் கனம், கண்ணில் மஞ்சள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "ஈரல் வீங்கியிருக்கு. குடலும் புண்ணு. எண்ணெயில பொரிச்சதைத் தொடாதே."

அந்த வாரமே திருவொற்றியூருக்குப் பெண் பார்க்கப் போனேன். தனியாக. பெண்ணின் அப்பா தீப்பெட்டித் தொழிற்சாலை மேஸ்திரி.

"பெரியவங்க யாரும் வர்லியா நைனா?"

"இல்லை." (இருந்தால்தானே வர.)

பெண் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தட்டைத் தொடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கோ மிகவும் பிடித்துவிட்டது. எனவே காரணத்தைச் செய்திபோலத் தெளிவாகச் சொன்னேன்: "எனக்கு ஈரல் வீங்கியிருக்கிறது."

அது மதுவிலக்குக் காலம். ஈரல் வீங்கியவன் என்றால் அந்தப் பக்கத்தில் கள்ளச்சாராயம் என்றே பொருள்.

மேஸ்திரி என் முகத்தருகே குனிந்தார். "வாய ஊது."

ஊதினேன்.

"சாராயம் இல்ல," என்றவர் மறுபடி மோந்தார். "மசால் வடை! இன்னாபா இது? தெருக்கடை வடை எறங்குது, என் வூட்டு பஜ்ஜி எறங்கலியா?"

உண்மைதான். வரும் வழியில் காதர் பாய் மறித்திருந்தார். "இன்னா தோஸ்து, மாப்ள கணக்கா கீற?" பெண் பார்க்கப் போவதைச் சொன்னேன். "அப்ப நம்ம கையால துன்னுட்டுப் போ!"

"பெண் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல இந்த ஊரில் அந்த வடைக்கடைக்காரரை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை," என்று மேஸ்திரியிடம் விளக்கினேன். எழுந்து செருப்பைத் தேடினேன். பதற்றத்தில் ஒரு காலில் அவருடையதை மாட்டிக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண் குரல் வந்தது. "யப்பா, அந்த ஆளுக்கு மோராச்சும் குடுத்து அனுப்பு. மூஞ்சே மஞ்சளா கீது."

மோர் குடித்தேன். அடுத்த ஞாயிறு கஞ்சி குடிக்க வரச் சொன்னார்கள்.

இன்றும் நான் வெளியே போய்த் திரும்பினால் பேரன்கள் வாசலை மறிப்பார்கள். "தாத்தா, வாய ஊது!" ஊதுவேன். அன்று மோர் கொடுக்கச் சொன்னவள் உள்ளிருந்து வந்து மோந்து பார்த்துவிட்டு, எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்பாள்:

"இன்னிக்கு யார்கூட பேசினு இருந்த?"