ஒரு மணி நேரம் பின்தங்கிய வீடு

"கடிகாரத்துக்கு மணி என்னன்னு யாருப்பா சொல்லித் தர்றாங்க?"

மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. பெருமையில் ஒரு சுற்றுப் பருத்துப்போன மணிக்கூண்டு, "யாராவது எழுதி வைக்கணும்டா கண்ணு. அப்பா அந்த வேலைதான் பண்றேன்" என்று சொல்லிவிட்டார். நேரத்தைச் செய்வதே எங்கப்பாதான் என்று அவள் மறுநாளே தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்.

மணிக்கூண்டு என்பது மைத்துனர் வைத்த பெயர். ஆளும் உயரம், வேலையும் பெயருக்கேற்றது. கணினிகளுக்கு நேர விதி எழுதுகிறவர் அவர். எந்த நாட்டில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள், எப்போது பின்னே இழுக்கிறார்கள் என்பதைக் கணினிக்குப் புரிகிற ஒரே வரியில் எழுதித் தர வேண்டும். அந்த வரி சரியாக இருந்தால் விமானம் வேளைக்குக் கிளம்பும், ஆஸ்பத்திரியில் மருந்து வேளைக்குப் போகும். எழுதியவரை யாரும் நினைக்க மாட்டார்கள்.

அதை நினைத்தால் அவருக்கு மெய் சிலிர்க்கும். எங்கோ ஒரு மூலையில் ஒரு மந்திரி கடிகாரத்தைத் தொட்டால் போதும். அதைக் கவனித்துப் பொதுவான ஒரு பட்டியலில் வரி சேர்த்து வைக்க, கூலி கேட்காத, முகம் தெரியாத நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரை நம்பித்தான் உலகம் படுத்துத் தூங்குகிறது. கடவுள் இப்படித்தான் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறார் என்று அவர் மனைவியிடம் அடிக்கடி சொல்வார். அவளும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது சிக்கல். கோடை நேரம் அடுத்த மாதம் முடியும் என்று சொல்லியிருந்த அரசாங்கம், இன்று இரவோடு முடிகிறது என்று திடீரென்று அறிவித்துவிட்டது. எல்லாக் கடிகாரமும் ராத்திரியில் ஒரு மணி நேரம் பின்னால் போக வேண்டும். அலுவலகத்து வேலையை நாலு பேராகச் சரிபார்த்து முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது அவர் வீடுதான்.

சுவர்க் கடிகாரம், ஜன்னல் திரை, விளக்கு, வெந்நீர், எழுப்புகிற மணி என்று வீட்டில் எல்லாவற்றையும் நடத்தியது செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த ஒரு சின்னப் பெட்டி. அவரே செய்தது. அதற்கு விதியையும் அவரே கைப்பட எழுதியாக வேண்டும்.

"என்னங்க, இது விளையாட்டில்லை" என்றாள் மனைவி. "நாளைக்குக் காலையில எனக்குப் பரீட்சை. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிடுவாங்க. இந்தத் தடவை விட்டா வயசு தாண்டிடும்."

நர்ஸ் வேலைக்கான தேர்வு அது. கல்யாணத்தோடு நின்ற படிப்பைத் தூசி தட்டி எடுத்து, அடுப்புக்கு மேலே எலும்புகளின் பெயரை ஒட்டிவைத்துக் கிளறிக்கொண்டே படித்தவள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் மணிக்கூண்டு.

"அதுதாங்க பயமா இருக்கு."

உட்கார்ந்து வரியை எழுதினார். கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டுவிட்டு விசையைத் தட்டினார். உச்சி வெயில் நேரத்தில் வீட்டுத் திரைகள் எல்லாம் சர்ரென்று மூடிக்கொண்டன. விளக்குகள் மங்கின. எல்லா அறையிலும் தாலாட்டு ஒலித்தது.

குளியலறையிலிருந்து மைத்துனர் அலறினார். "அத்தான்! உடம்பு பூரா சோப்பு! வெந்நீர் நின்னுபோச்சு!"

"ஒண்ணுமில்லை, குறி மாறிப்போச்சு" என்றார் மணிக்கூண்டு. "இந்த விதியில கிழக்கே இருந்தா கழித்தல், மேற்கே இருந்தா கூட்டல். அந்தக் காலத்துல எவரோ புண்ணியவான் தலைகீழா வச்சுட்டார். பழக்கதோஷத்துல நான் நேரா போட்டுட்டேன். நம்ம வீடு இப்ப உலகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"நான் இந்தப் பக்கம்தான் நனைஞ்சு நிக்கிறேன்!"

குறியை மாற்றினார். இந்தத் தடவை கோடை தொடங்கும் மாதத்தையும் முடியும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதிவிட்டார். வீடு குளிர்காலம் வந்துவிட்டதென்று நம்பி, கடிகாரத்தை அப்போதே பின்னுக்கு இழுத்து, முடிந்துபோன மணியை மறுபடியும் நடத்தியது. காலையில் துவைத்த துணியைச் சலவை இயந்திரம் இன்னொரு தரம் துவைத்தது. மத்தியானத் தூக்கத்துக்கு முன்பு அடித்து ஓய்ந்த மணி மறுபடியும் அடித்தது.

"ஏங்க, ரெண்டு நிமிஷ வேலை. கையால முள்ளைத் திருப்பி வச்சா ஆச்சு" என்றாள் மனைவி.

"அந்தப் பாவம் மட்டும் கூடாது. எங்க தொழில்ல முதல் பாடமே அதுதான். விதியைத் தொடலாம், கடிகாரத்தைத் தொடக் கூடாது."

மூன்றாம் தடவை நிதானமாக, விரல் வைத்துப் படித்து, சரியாகவே எழுதினார். ராத்திரி தானாகத் திரும்பிக்கொள்ளும் என்றார். ஆனால் மனைவியின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. கண் கலங்கி நின்றாள். "என் கண்ணால பார்த்தாதான் எனக்குத் தூக்கம் வரும். தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

அவள் கலங்கினால் அவருக்குத் தாங்காது. அவளுடைய நிம்மதிக்காகப் பெட்டியின் கடிகாரத்தைக் கையாலேயே ஒரு மணி நேரம் பின்னே தள்ளிக் காட்டினார். படுக்கப் போகுமுன் பழையபடி வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டார். எண்ணியவர் அப்படியே படுத்துவிட்டார்.

அதற்கு முன்பு ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய்தார். அறிவிப்பு திடீரென்று வந்ததால் ஃபோன்களுக்குப் புது விதி இன்னும் போய்ச் சேரவில்லை. "காலையில எல்லா ஃபோனும் தப்பு நேரம்தான் காட்டும். யாரும் பார்த்துக் குழம்பக் கூடாது" என்று எல்லார் ஃபோனையும் அணைத்து, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

காலையில் திரை விலகியபோது அறைக்குள் வெளிச்சம் கொட்டியது.

"என்னங்க, வெயில் இப்படி ஏறியிருக்கு?"

"நேரத்தைப் பின்னே தள்ளினா சூரியன் சீக்கிரம் வந்த மாதிரிதான் இருக்கும். நீ சூரியனைப் பார்க்காதே, நம்ம கடிகாரத்தைப் பாரு."

"அத்தான், சூரியனையும் அந்த டிராயர்லயே போட்டுப் பூட்டியிருக்கலாம்ல?" என்றார் மைத்துனர்.

சாவகாசமாகச் சாப்பிட்டு, சாவகாசமாகக் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் மனைவி ரேடியோவைத் திருப்பினாள். "இப்போது நேரம் சரியாக ஒன்பது மணி. செய்திகள்" என்றது ரேடியோ. வீட்டுக் கடிகாரம் எட்டு அடிக்கக் காத்திருந்த நேரம் அது.

மணிக்கூண்டு அப்போதுதான் கணக்குப் போட்டார். கையால் ஒரு மணி, விதியால் ஒரு மணி. வீடு இரண்டு தரம் பின்னால் போயிருக்கிறது!

மனைவி அழவில்லை, திட்டவும் இல்லை. மடியில் இருந்த புத்தகத்தை மெதுவாக மூடி வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"போய்ப் பார்ப்போம். காலில் விழுந்தாவது கேட்கிறேன்" என்றார்.

தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்தின் கேட் மூடியிருந்தது. வெளியே ஒரே கூட்டம்.

"மூடிட்டாங்களா?" என்று மனைவி ஓடினாள்.

"திறக்கவே இல்லைக்கா!" என்றாள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். "நாங்க ஃபோனை நம்பி எப்பவோ வந்துட்டோம். காவலாளியையும் காணோம், அதிகாரியையும் காணோம்."

சொல்லி வாய் மூடவில்லை, சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார் காவலாளி. பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்தது. அதிலிருந்து தேர்வு அதிகாரி அம்மா இறங்கி யாரையும் பார்க்காமல் உள்ளே விரைந்தார். கூட்டம் காவலாளியைப் பிடித்துக்கொண்டது.

"தூங்கிட்டேன்மா. என் தப்புதான். மன்னிச்சிடுங்க. எல்லாருக்கும் முழு நேரம் கொடுப்பாங்க, பயப்படாதீங்க" என்று ஒவ்வொருவராகக் கும்பிட்டு உள்ளே விட்டார் அவர். மனைவி திரும்பிப் பார்க்கக்கூட நேரமின்றி ஓடி மறைந்தாள்.

அப்போதுதான் மணிக்கூண்டு காவலாளியை அடையாளம் கண்டார். எதிர் மாடியில் குடியிருப்பவர். பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதற்கு மேல் பழக்கமில்லை.

"நீங்களா? உடம்பு சரியில்லையா?"

காவலாளி குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் இல்லை சார். ஃபோன் இன்னைக்குத் தப்பாக் காட்டும்னு சொன்னாங்க. சரி, நம்ம சார் வீட்டுத் திரை விலகட்டும், அப்ப எழுந்துக்கலாம்னு ஜன்னலைப் பார்த்தே படுத்திருந்தேன். நேரத்தை எழுதுறவர் வீட்டைவிட வேற எதை சார் நம்புறது?"

"அப்போ ஏன் தூங்கிட்டேன்னு சொன்னீங்க?"

"அம்மா பரீட்சை எழுதப் போற நேரத்துல உங்க பேரை எதுக்கு சார் இழுக்கணும்? திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். அதிகாரியம்மா கேட்டாலும் இதையேதான் சொல்லப்போறேன்."

முகம் தெரியாத நாலு பேரை உலகம் நம்புகிறதே என்று இத்தனை காலம் வியந்தவர், தன் வீட்டு ஜன்னலைப் பார்த்து ஒருவர் படுத்திருந்ததை அறியவில்லை. கேட்காமல் வைத்த நம்பிக்கை, கேட்காமல் ஏற்ற பழி. இரண்டில் எது பெரிது என்று அவருக்குத் தெரியவில்லை. காலடி மண்ணைக்கூட மரியாதையோடு மிதிக்கத் தோன்றியது.

காவலாளி கேட்டைச் சாத்திவிட்டு மணி அடிக்கப் போனார். மணிக்கூண்டு சத்தம் போடாமல் உள்ளே நடந்து அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினார். உண்மையைச் சொன்னால் மனைவியின் தாளையே கிழித்துப் போடுவார்களோ என்று பயந்தார். இருந்தாலும் அந்த மனிதரின் வேலை போனால் தன் வீட்டில் ஒரு விளக்கும் எரிய நியாயமில்லை என்று பட்டது.

அறையில் வேறு யாரும் இல்லை. அதிகாரி அம்மாவின் தலையில் ஈரம் சொட்டியது. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறு காலில் பழுப்பு.

"அம்மா, காவலாளி மேல தப்பில்லை. தாமதத்துக்குக் காரணம் நான்தான். என் வீட்டுத் திரையைப் பார்த்து அவர் எழுந்திருக்கிறார். என் வீடே ஒரு மணி நேரம் பிந்திப் போச்சு. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்க. அவர்கிட்ட நான் வந்ததைச் சொல்ல வேண்டாம்."

அதிகாரி அம்மா கால்களை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அவரை நான் எந்த முகத்தோட திட்டுறது தம்பி? உங்க சமையலறை ஜன்னலுக்கு நேர் பின்னாடி இருக்கிற மஞ்சள் வீடு எங்களுது."