சாணி உருட்ட அனுமதிச் சீட்டு

ஒரு காட்டில் ராஜா இல்லை. முன்பு ஒரு புலி இருந்தது. அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, காடு மேலாண்மைக் குழு என்று ஒன்றைப் போட்டிருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு கொக்கு. நாள் முழுக்க ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பதைப் பார்த்து, இவரைவிடப் பொறுமையானவர் கிடைக்கமாட்டார் என்று எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். அவர் நிற்பது மீனுக்காக என்பது யாருக்கும் தோன்றவில்லை. எழுத்தர் ஓர் உடும்பு. நாற்காலியைப் பிடித்தால் விடாது என்பதே அதன் தகுதி.

அதே காட்டில் காத்தாயி என்ற சாணி வண்டும் அவள் வீட்டுக்காரன் இருளாண்டியும் குடியிருந்தார்கள். முதல் மழை விழுந்து மண் நெகிழ்ந்ததும் இருவரும் வெளியே வருவார்கள். சாணியைக் கிள்ளி எடுத்து, வழுவழுவென்று உருட்டி, இருளாண்டி தலைகீழாக நின்று பின்னங்காலால் தள்ளிக்கொண்டே போவான். காத்தாயி இடம் பார்த்துச் சொல்வாள். உருண்டையை மண்ணுக்குள் இறக்கி, அதில் ஒரு முட்டை வைப்பாள். ஓர் உருண்டைக்கு ஒரு முட்டை. பிறக்கும் பிள்ளைக்கு அதுதான் வீடு, அதுதான் சோறு. மண் இறுகுவதற்குள் பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வருஷம் பிள்ளை இல்லை.

அந்த வருஷம் முதல் மழைக்கு மறுநாள் குழு ஓர் அறிவிப்புப் பலகை நட்டது. காட்டில் விளையும் எந்தப் பொருளை நகர்த்துவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டுமாம். மரம் கடத்துகிறவர்களுக்காகப் போட்ட உத்தரவு அது. அவர்கள் அன்று சாயங்காலமே வந்து, வழக்கமான மரங்களோடு அந்தப் பலகையையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். மாட்டிக்கொண்டது காத்தாயி.

அலுவலகத்தில் நீண்ட வரிசை. பழக்கொட்டையைத் துப்ப அனுமதி கேட்டு ஓர் இருவாச்சிப் பறவை நின்றது. மகரந்தம் எடுத்துப்போக அனுமதி கேட்டு நாற்பது தேனீக்கள், ஆளுக்கொரு விண்ணப்பத்தோடு நின்றன. காத்தாயியின் முறை வருவதற்குள் மூன்று நாள் போய்விட்டது.

“என்ன பொருள்?” என்று உடும்பு நிமிராமல் கேட்டது.

“சாணிங்க சார்.”

“யாரோட சாணி?”

“யானை பெரியநாயகி அக்காவோடது.”

“அவங்ககிட்ட தடையில்லாச் சான்று வாங்கினியா?”

“அவங்க போட்டுட்டுப் போயிட்டாங்க சார். திரும்பிக்கூடப் பாக்கல.”

“அப்ப அது கேட்பாரற்ற பொருள். அதுக்கு வேற படிவம்.”

வேறு படிவம் வந்தது. ‘காட்டுக்கு நீ செய்யும் சேவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. காத்தாயி பொய் பேசத் தெரியாதவள். ‘சாணியை மண்ணில் புதைக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாள். உடும்பு அதை இரண்டு முறை படித்தது.

“ஏம்மா, புதைக்கிறேன்னு நீயே எழுதிக் குடுக்கற. அப்ப பொருளைப் பதுக்கற, இல்ல?”

“ஐயோ, அப்படி இல்லீங்க. புதைச்சாத்தான் மண்ணுக்குச் சத்து. நாங்க தோண்டுற பொந்து வழியாத்தான் மழைத்தண்ணி உள்ள இறங்கும். சாணியில இருக்கிற விதை முளைக்கும். முளைச்சதை மானு திங்கும், யானை திங்கும், அதுங்க மறுபடி சாணி போடும்…”

“இதுல எது உன் வேலை?”

“எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுங்க சார். பிரிக்க முடியாது.”

“கட்டம் ஒண்ணுதான் இருக்கு. அதுக்குள்ள அடங்கற மாதிரி ஒரு வேலை செய்” என்று சொல்லிவிட்டு உடும்பு கைரேகை மெஷினை அவள் பக்கம் தள்ளியது. “பத்து விரலையும் வை.”

காத்தாயிக்கு விரலே கிடையாது. ஆறு காலையும் மாற்றி மாற்றி வைத்தாள். மெஷின் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு காட்டி, மீண்டும் முயற்சிக்கச் சொன்னது.

“திங்கக்கிழமை வா” என்றது உடும்பு.

திங்கட்கிழமை தலைவர் கையெழுத்து இல்லை. செவ்வாய்க்கிழமை தலைவர் ஒற்றைக் காலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் இருளாண்டிக்குப் பொறுமை போய்விட்டது.

“நீ வரிசையில நில்லு. மண்ணு நிக்காது. இன்னும் ரெண்டு நாள்ல கல்லாயிரும்” என்றான்.

அன்று இருவருமாக ஒரே ஓர் உருண்டையை உருட்டிப் போய்ப் புதைத்தார்கள். காத்தாயி முட்டை வைத்தாள். வெளியே வந்து குழியை மூடுவதற்குள் உடும்பு வந்து நின்றது. மோப்பம் பிடிப்பதில் அது கெட்டி. தோண்டி எடுத்து, உருண்டையில் ஒரு சீட்டைக் கட்டி, அலுவலக அலமாரியின் மேல்தட்டில், சன்னல் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டது.

“சார், உள்ள எங்க பிள்ளை இருக்குது” என்றாள் காத்தாயி. “ஈரம் காஞ்சா செத்துரும். கொஞ்சம் நனைஞ்ச மண்ணையாச்சும் போட்டு மூடுங்க.”

“சாட்சிப் பொருளைத் தொடக் கூடாது.”

“நான் தொடறேன். என்மேல வேணா இன்னொரு கேஸு போடுங்க.”

“அதுக்கும் விண்ணப்பம் குடுக்கணும்மா.”

மறுநாளிலிருந்து அவள் தினமும் நனைந்த மண்ணை வாயில் கவ்விக்கொண்டு வந்து அலமாரிக்குக் கீழே நின்றாள். நான்கு நாள் யாரும் அவளைத் துரத்தவில்லை. அந்த அளவுக்கு அலுவலகம் மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டது. ஐந்தாம் நாள் உருண்டை வெடித்தது. காத்தாயி வாயிலிருந்த மண்ணை அங்கேயே வைத்துவிட்டு இருளாண்டியைப் பார்த்தாள். அவன் முன்னால் நடந்தான். நாற்பத்து மூன்றாம் நாள் அனுமதிச் சீட்டு வந்தது. ஓர் உருண்டைக்கு மட்டும். முந்தைய மாதக் கடைசி வரை செல்லும்.

இதற்குள் காட்டில் சாணி மேல் சாணி விழுந்து அடுக்கடுக்காகக் காய்ந்து கிடந்தது. அதன் அடியில் புல் வெளுத்துச் செத்தது. மண் இறுகி, பெய்த மழை உள்ளே இறங்காமல் சாணியைக் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போயிற்று. ஓடையில் மீன் மிதந்தது. தலைவருக்கு வெளியூரிலிருந்து மீன் வந்ததால் இது அவர் பார்வைக்கு வரவில்லை. மேய இடமில்லாமல் மான்கள் சாணியைச் சுற்றியே மேய்ந்து, வயிற்றில் பூச்சி வைத்து ஒவ்வொன்றாக விழுந்தன. ஈக்கள் மட்டும் அமோகமாகப் பெருகின.

வருஷக் கணக்கெடுப்பு வந்தது. காட்டில் உயிர்களின் எண்ணிக்கை சென்ற ஆண்டைவிட அறுநூறு மடங்கு கூடியிருப்பதாகக் கொக்கு அறிக்கை எழுதினார். பொய்யில்லை. அவர் ஈ ஒன்றைக்கூட விடாமல் எண்ணியிருந்தார். சிறந்த காட்டுக்கான விருது கொடுத்தார்கள். விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஈ மொய்த்ததில் பொன்னாடையின் நிறம் தெரியவில்லை.

விருது கொடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது மட்டும் அவரை உறுத்தியது. நாற்றத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு போட்டார். துணைக்குழு ஆறு மாதம் ஆராய்ந்து, சாணிக்குக் காரணம் யானை என்று கண்டுபிடித்தது.

பெரியநாயகியைக் கூப்பிட்டார்கள்.

“உங்களால்தான் இவ்வளவு பிரச்சினை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?” என்றார் கொக்கு.

“திங்கறதையா, போடறதையா?”

“இரண்டையும்.”

பெரியநாயகி வாசல் பக்கம் திரும்பினாள். “உங்க அலுவலகத்துக்கு முன்னாடி இப்பவே ஒண்ணு போடறேன். அதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு பாத்து எழுதிக்கோங்க” என்று சொல்லி, சொன்னபடியே செய்துவிட்டுத் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கிளம்பும்போது காலடியில் இரண்டு வண்டுகள் நிற்பதைக் கவனித்தாள்.

“எங்கடி வர்றே, காத்தாயி?”

“நீ போற இடத்துக்குத்தான் அக்கா. இங்க இருந்து நான் என்ன பண்ணப்போறேன்?”

“ஏறு. காதுக்குப் பின்னால உக்காரு. அங்கதான் ஆடாது.”

இரண்டு நாள் நடந்து மலைக்கு அந்தப் பக்கம் போனார்கள். கல்லும் முள்ளுமான ஒரு மேடு, மழையில் மண் மட்டும் நெகிழ்ந்து கிடந்தது. அது எந்த வரைபடத்திலும் இல்லை. பெரியநாயகி சாணி போட்டாள். இருளாண்டி உருட்டினான். யாராவது வந்து கேட்பார்களா என்று காத்தாயி நாலாபக்கமும் பார்த்தாள். காற்றுதான் வந்தது. அன்று அவள் ஏழு முட்டை வைத்தாள். கடைசிக் குழியை மூடிவிட்டு அதன் மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருளாண்டி கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

சேதி பரவி, இருவாச்சி வந்தது. தேனீக்கள் வந்தன. நாலைந்து மழையில் மண் கறுத்து, அத்தியும் நாவலும் தலைகாட்டி, ஊற்று ஒன்று தானாகக் கசிந்தது. பிழைத்திருந்த மான்களும் மந்திகளும் வந்து சேர்ந்தன. எதற்கும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு நாள் காலையில், கையில் அளவு நாடாவோடு கொக்கு வந்து இறங்கினார். பின்னால் உடும்பு கோப்புகளைச் சுமந்துகொண்டு வந்தது. பழைய காட்டில் மேலாண்மை செய்ய எதுவும் மிச்சமில்லாததால் குழு புதிய காடு தேடிக்கொண்டிருந்தது.

“என்ன இடம்மா இது? காடா?” என்று கொக்கு கேட்டார். அவர் கண் ஊற்றின் பக்கம் போயிற்று.

காத்தாயி முன்னால் வந்தாள். இந்த மண்ணுக்குள் என்னென்ன நடக்கிறது, எது எதைத் தாங்குகிறது என்று அவளுக்கு ஒரு நாள் முழுக்கச் சொல்லத் தெரியும். சொல்ல ஆசையாகவும் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய் சொன்னாள்.

“காடா? நல்லா கேட்டீங்க போங்க. வெறும் சாணிக்குப்பை. நாத்தம் தாங்காமத்தான் நாங்களே வேற இடம் பாத்துட்டிருக்கோம்.”

பெரியநாயகி புரிந்துகொண்டு, கொக்கின் பக்கத்தில் வந்து திரும்பி நின்றாள். மானும் மந்தியும் தங்களால் ஆனதைச் செய்தன. கொக்கு இறக்கையால் மூக்கை மூடிக்கொண்டார்.

“தரிசுன்னு எழுதிடட்டுமா?” என்றது உடும்பு.

“எழுது. தரிசு, பயனற்றது, பார்வையிடத் தேவையில்லை.”

“யாருக்காவது கொடுத்துடலாமா?”

“இந்த நாற்றத்தில் யார் வாங்குவான்? முத்திரை குத்து, போகலாம்.”

முத்திரை விழுந்தது. இருவரும் மலை தாண்டி மறையும்வரை அந்தக் காட்டில் ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு இருளாண்டி தலைகீழாக நின்று, கொக்கின் காலடியில் விழுந்த புதுச் சாணியை உருட்ட ஆரம்பித்தான்.

நீதி: காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால், அது காடு என்று காப்பாற்ற வருகிறவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதே.