இடது கைகள் தனியாக, வலது கைகள் தனியாக

கும்மிடிப்பூண்டி,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அத்திப்பட்டில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி முனுசாமி அவர்களுக்கு,

பூவராகவன் எழுதுவது. இங்கு நானும் ஹேமாவதியும் உடம்பளவில் நலம். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் தாங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, காலை நாஷ்டா முடிந்ததும், என் மகன் பரணிதரனின் அறையிலுள்ள பீரோவின் மேற்புறத்தைத் துடைப்பது என்று முடிவெடுத்தேன். இது அவசரத்தில் எடுத்த முடிவல்ல. ஈரத்துணியா காய்ந்த துணியா என்பதை ஹேமாவதியிடம் கலந்துகொண்டேன். ஸ்டூலா நாற்காலியா என்பதைத் தனியாக யோசித்தேன். ஆவணியில் கல்யாணம் முடிந்து தங்கள் மகள் கவிப்பிரியா வந்து வாழப்போகும் அறை அது. வருகிற மருமகள் தும்மிக்கொண்டே குடித்தனத்தைத் தொடங்கக் கூடாது என்பது என் நோக்கம். பரணி கம்பெனிப் பயிற்சிக்காக ஓசூர் போயிருந்தான். சமயமும் சாதகமாக இருந்தது. ஸ்டூலில் ஏறினேன்.

பீரோவின் மேல் தூசி இல்லை, தூசிக்கு இடமில்லை. உத்தரம்வரை அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. முதல் பெட்டியின்மேல் ஒரு ராட்சத ரோபோவின் படம். ஜப்பானியக் கார்ட்டூன்களில் வருகிற ஜாதி. வெள்ளை உடம்பு, நீல மார்பு, சிவப்புத் தாடை, நெற்றியில் இருபுறமும் விரிந்த மஞ்சள் கொம்பு, வாய் கிடையாது. இரண்டாவது பெட்டியை எடுத்தேன். வெள்ளை உடம்பு, நீல மார்பு, சிவப்புத் தாடை, மஞ்சள் கொம்பு. மூன்றாவதிலும் அதுவே, கையில் மட்டும் துப்பாக்கிக்குப் பதில் கத்தி. நான்காவதில் கத்தி மறு கைக்கு மாறியிருந்தது. பையன் வாங்கியதை மறந்து வாங்கியதையே திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வம்சத்தில் மறதி உண்டு.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பொம்மை இல்லை. ரன்னரோடு கூடிய பீஸ்கள் இருந்தன. தாங்கள் மின்சாரத் துறையில் இருந்தவர் என்பதால் விளக்குகிறேன். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிவரும் வாய்க்கால், இறுகியதும் ஒரு குச்சிச் சட்டமாக நிற்கும், அதுதான் ரன்னர். அதில் பீஸ்கள் காய்போலத் தொங்கும். ரன்னரை வெட்டி, வெட்டிய இடத்தைச் சீவி, பீஸை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும். சிப்காட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் தரப் பரிசோதகனாக நான் ஓய்வுபெறும்வரை, ரன்னர் ஒட்டிக்கொண்ட பீஸ் ஒன்று கேட்டைத் தாண்டியதில்லை. தாண்டியிருந்தால் அந்த ஷிஃப்டில் ஒருவருக்கும் டீ இறங்கியிருக்காது. இங்கே என்னடாவென்றால் ஒரு முழு லாட்டையே, ஒரே தடவையில் அச்சான சரக்கு மொத்தத்தையும், வெட்டாமல், சீவாமல், ஜோடிக்காமல், அழகான படம் போட்ட பெட்டியில் வைத்துக் கப்பலேற்றியிருக்கிறார்கள். என் மகன் ஏமாந்திருக்கிறான். தட்டிக்கேட்கக் கூச்சப்பட்டுப் பீரோமேல் ஒளித்துவைத்திருக்கிறான். தகப்பன் மனம் என்ன பாடுபடும் என்பது தங்களுக்குத் தெரியும். கட்டரை எடுத்தேன்.

ஹேமாவதி வாசற்படியில் நின்று பார்த்தாள். "இன்னாங்க, அவன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ரன்னரை வெட்றதுக்கு எதுக்கு பர்மிசன்?"

"எனுக்கு இன்னாவோ சரியா படல. வந்து கத்தப்போறான். அப்புறம் என்னாண்ட வந்து நிக்காதீங்க."

அவள் எப்போதும் இப்படித்தான். அந்த வாரம் முழுக்க வேலை பார்த்தேன். ஒவ்வொரு பீஸையும் வெட்டிப் பிளேடால் வழித்தேன். கம்பெனி வழக்கப்படி ஒரு டப்பாவில் ஒரு ஜாதி. இடது கைகள் தனியாக, வலது கைகள் தனியாக, தாடைகள் முறுக்கு டப்பாவில், கொம்புகள் பற்பொடி டப்பாவில். சில தோள்பட்டைகளில் தகடுபோல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறு. அச்சு தேய்ந்தால் வரும். அதையும் சீவிவிட்டேன். வெட்டிய ரன்னர்களை, என் பழைய சகா இம்மானுவேலைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவன் இப்போது தனியாக அரவை மிஷின் வைத்திருக்கிறான். "இன்னா சார், ரிட்டேர்டு ஆயிட்டு ஊட்லயே கம்பெனி நடத்திக்கினு கீறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கினான். ரன்னர் ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம். அன்று மாலைக்குள் அவை பக்கெட் கைப்பிடிக்கான குருணையாகிவிட்டன.

பரணி வந்தான். டப்பாக்களை வரிசையாக வைத்து, மூடிகளைத் திறந்து காட்டினேன். பாராட்டை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அப்பா, ரன்னர் எங்க?"

"அரைச்சாச்சு."

"அரைச்சாச்சா? யப்பா, அதுலதாம்ப்பா நம்பரே இருந்துச்சு!"

விஷயம் இதுதான், சம்பந்தி. வாங்குகிறவனே வெட்டி, வாங்குகிறவனே ஜோடிக்க வேண்டுமாம், அதற்குத்தான் விலையாம். எந்த பீஸ் எதில் மாட்டும் என்ற எண் பீஸில் இல்லை. பீஸுக்குப் பக்கத்தில் ரன்னரில் இருந்திருக்கிறது. ஏழாம் எண்ணைப் பன்னிரண்டாம் எண்ணில் மாட்டு என்று சொல்லும் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஏழும் பன்னிரண்டும்தான் பக்கெட் கைப்பிடியில் இருக்கின்றன.

நான் நிதானம் இழக்கவில்லை. "எல்லாம் ஒரே பொம்மதானேடா? ஏதாவது ஒரு இடது கைய எடுத்து ஏதாவது ஒரு தோள்ல மாட்டு" என்றேன்.

"ஒரே பொம்மையா? அப்பா, இது மார்க் டூ. அது மார்க் டூ கஸ்டம், ஸ்பெஷலா மாத்துனது."

"இன்னா வித்தியாசம்?"

"தோள்ல ஒரு ஃபின் நீட்டிக்கினு இருக்கும்."

"அது பிசிறுடா. சீவிட்டேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, நான் அறியாமையில் பேசுவதாகவும், கார்ட்டூனைப் பார்த்தால்தான் ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆன்மா புரியும் என்றும் சொல்லி டிவியில் போட்டுவிட்டான். பார்த்தேன். ஒன்றல்ல, மூன்று தொடர்கள். முதல் தொடரில், பெற்றோர்மேல் கோபமாயிருக்கும் ஒரு பையன், ஊர் தீப்பற்றும்போது தற்செயலாக ஒரு கொட்டகைக்குள் ஓடுகிறான். அங்கே ஒரு வெள்ளை ரோபோ சும்மா நிற்கிறது. அதைச் செய்தவர் அவன் அப்பா. இரண்டாவது தொடரில் பையனின் தலைமயிர் வேறு நிறம். மூன்றாவதில் கொட்டகை நிலவில் இருக்கிறது. வில்லனின் ரோபோக்களுக்கு எல்லாத் தொடரிலும் ஒற்றைக் கண், பச்சைப் பெயின்ட். பாதிக் கதையில் வெள்ளை ரோபோ உடைகிறது. எல்லோரும் அழுகிறார்கள். உடனே திரை விலகிப் புதிய ரோபோ வருகிறது. வெள்ளை உடம்பு, நீல மார்பு, கூடுதலாக இரண்டு கொம்பு. அதைப் பார்த்து எதிரிகள் "இது என்ன, இதுவரை கண்டிராத வடிவம்!" என்று அலறுகிறார்கள். நானும் கூடவே அலறினேன், காரணம் வேறு. இவ்வளவு பணத்தைப் போட்டுக் கதை எடுக்கிறவர்கள், டிராயிங் போடுகிறவரை ஒருநாள் லீவில் அனுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைத்திருக்கக் கூடாதா?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரே பொம்மை என்ற என் கட்சியை நிரூபிக்க, நுண்ணளவு பார்க்கும் வர்னியரும் கையுமாக உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். மாட்டவில்லை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும் இரண்டு இடது கைகளில், ஒன்றின் முளை மயிரிழை தடிமன் அதிகம். ஒன்றின் குழி வட்டம், இன்னொன்றின் குழி லேசாகத் தட்டை. பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று. பொருத்தினால் ஒன்றும் ஒன்றல்ல. வேறுவேறாக இருந்தால் பிரித்துவிடலாம். ஒன்றாகவே இருந்தால் கலந்து மாட்டலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் ஒரு பொருளைச் செய்ய எத்தனை படிப்பு படித்திருக்க வேண்டும்!

இதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பரணி மெதுவாகச் சொன்னான்: "அப்பா, கத்தாத. பொட்டிங்க என்னுது இல்ல. கவியோடது."

ஆம், சம்பந்தி. தங்கள் மகளுடையவை. கல்லூரிக் காலத்திலிருந்து சேர்த்தவையாம். தங்களுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும் என்று இத்தனை காலம் தோழியின் வீட்டில் வைத்திருந்தாளாம். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு அவள் இங்கு வந்த ஒவ்வொரு தடவையும் பெரிய கட்டைப் பையோடு வந்து, வெறும் பையோடு திரும்பியது ஏன் என்று இப்போது விளங்குகிறது. இதைத் தங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை; எழுதுகிறேன்.

மறுநாளே அவள் லோக்கல் ரயிலில் வந்து இறங்கினாள். அழுவாள் என்று ஹேமாவதி காபியோடு தயாராக நின்றாள். அழவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். பற்பொடி டப்பாவைக் கையில் கொட்டிக் கொம்புகளைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க ஒரு பீஸக் கூட வுடலியா?"

"லாட்டுன்னா ஃபுல்லா பாக்கணும்மா."

"எல்லாத்தயும் ஒண்ணா கொட்டிக் கலக்கியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். இவ்ளோ நீட்டா பண்ணி வெச்சிருக்கீங்களே, அதான் மாமா தாங்கல."

பரணி இடையில் புகுந்தான். "கவி, வேற வாங்கிக்கலாம் வுடு."

"நீ பேசாத. அதுல பாதி இப்ப எங்கியும் கிடைக்காது. உன்ன நம்பித்தான கொணாந்து வெச்சேன்?" அவள் எழுந்து நின்றாள். "இதுங்க மொதல்ல நிக்கட்டும். அப்புறம் நாம மேடையில நிக்கலாம்."

ஹேமாவதி தன் கையிலிருந்த காபியைத் தானே குடித்துவிட்டாள். பெண் ரயிலேறிப் போய்விட்டாள். பரணி இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசும்போதும் "மண்டபம், அட்வான்சு, பத்திரிகை" என்று பெயர்ச்சொற்களாகத்தான் பேசுகிறான். ஆவணி முகூர்த்தம் தலைக்குமேல் நிற்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும். அச்சாபீஸ் சரவணகுமார் போன் செய்து "தேதி கன்பார்மா அண்ணே?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சிக்னல் சரியில்லை என்கிறேன்.

ஆகவே, சம்பந்தி, உரிமையோடு கேட்கிறேன். பெண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் கல்யாணம், ஒரே மாதிரி இருக்கிற பொம்மைகளுக்கு எந்தக் கை எந்தத் தோளுக்கு என்பதற்காக நிற்கலாமா? மார்க் டூவும் மார்க் டூ கஸ்டமும் ஒன்றே என்று நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். டப்பாக்களை நாளை மறுநாள் ஆள் வைத்துத் தங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன். இனி அவற்றில் ஒன்றை என் விரல் தொடாது. என்ன நடந்தாலும் கல்யாணம் ஆவணியில்தான். அதில் நான் ஒரு நாள்கூட நகர மாட்டேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு ஹேமாவதியின் அன்பு. கவிப்பிரியாவுக்கு எங்கள் இருவரின் ஆசி; வாங்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தால் கொடுக்கவும். ஆத்தா புண்ணியத்தில் எல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (இன்றைய நிலவரப்படி),
பூவராகவன்

பி.கு.: கடிதத்தை அன்றே தபாலில் சேர்க்க முடியவில்லை, இன்று ஞாயிறு. புதனன்று, டப்பாக்களை அனுப்புவதற்குமுன் ஒரேயொரு முழங்காலைச் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மார்க் டூவும் கஸ்டமும் ஒன்று என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். கஸ்டத்தின் முழங்கால் லேசாக உள்வாங்கியிருக்கும்; பின்னங்காலில் ஒரு வரி கூடுதல். கொஞ்சம் கவனித்தால் யாருக்கும் தெரியும். தங்கள் மகளிடம் போனில் சொன்னேன். "அது கஸ்டம் இல்ல மாமா, அதுக்கு அடுத்தது" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். அதிலிருந்து தினமும் வேலை முடிந்து வருகிறாள். சீவிய ஃபின்களைப் பிளாஸ்டிக் துண்டில் அறுத்து ஒட்டிவிட்டோம். இதுவரை நான்கு நிற்கின்றன. மிச்சம் நிறைய.

நேற்று அவளே, "போதும் மாமா, மிச்சத்த அப்புறமா பாத்துக்கலாம், ஆவணியிலயே வெச்சிடலாம்" என்றாள். பரணியும் தலையாட்டினான். பாதி பார்த்த லாட்டை நான் எந்தக் காலத்திலும் வெளியே அனுப்பியதில்லை என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். புரட்டாசியில் கல்யாணம் செய்யும் வழக்கம் நமக்கில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, பழவேற்காட்டு உறவினர்களால் வர முடியாது. மார்கழி ஆகாது. மண்டபத்தைத் தை மாதத்துக்கு மாற்றி எழுதியாகிவிட்டது.