அத்தான் வீட்டு உறுமல் பெட்டி

பெட்டி உறுமியது. பாட்டு எதுவும் போடவில்லை, இசைத்தட்டு இன்னும் உறையை விட்டே வெளியே வரவில்லை. சும்மா சுவிட்சைத் தட்டியதற்கே 'உம்ம்ம்' என்று ஒரே சுருதியில் உறுமியது. வில்பிரட் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான்.

அது அவன் பெட்டியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா அமலோற்பவத்தின் புருஷன் ரோச் சிங்கப்பூரில் வாங்கிவந்தது. ரோச் கப்பலில் எஞ்சின் ரூம் ஆயில்மேன். இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பியபோது ஒரு ஸ்டீரியோ செட்டும், கூடவே தபேலா, டிரம் போன்ற கனத்த ஓசைக்கென்றே தனியாக ஒரு பெரிய பெட்டியும் கொண்டுவந்தார். அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு ஆம்பிளிபயர், அதற்கென்று தனிப் பிளக். எல்லாம் கஸ்டம்ஸில் மூன்று வாரம் கிடந்து, முந்தாநாள்தான் வீடு வந்து சேர்ந்தது.

அதற்குள் கீழவைப்பாரில் ஒரு கல்யாணம். அக்காவோடு புறப்படும்போது ரோச் வீட்டுச் சாவியை மச்சினன் கையில் கொடுத்து, "நான் வந்து கனெக்சன் குடுக்கேன். நீ தொடாதல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த இடத்தில் வில்பிரட்டுக்குப் புத்தி வேலை செய்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அவன் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு, மூன்று வருஷமாகக் கல்யாண வீடுகளில் சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தவன். கப்பலில் எலக்ட்ரீசியனுக்கு உதவியாளாக அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, ரோச் திங்கட்கிழமை பம்பாய்க் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் செட்டைப் பாடவைத்துக் காட்டினால் கடிதம் இரண்டு பக்கத்துக்கு நீளும் என்று அவன் நினைத்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

முதலில் வயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து இறுக்கி மாட்டினான். உறுமல் அப்படியே இருந்தது. பிளக்கைத் திருப்பிச் சொருகினான். உறுமல் கொஞ்சம் தடித்தது, பெட்டியின் பின்பக்கத் தகடு கையில் சுள்ளென்று அடித்தது. கையை உதறிக்கொண்டே தெருமுனை ரேடியோ கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் செல்வதுரை அண்ணாச்சி அவன் சொன்னதை முழுதும் கேட்கவில்லை. கேட்டுத்தான் வைத்தியம் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"எர்த் இல்ல தம்பி. உப்பும் கரியும் போட்டு ஒரு குழாய இறக்கு. சத்தம் ஓடிப்போயிரும்."

தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? அரை மூட்டை கொண்டுவந்தான். பின்வாசலில் அக்கா வளர்த்த மல்லிகைப் பந்தலின் காலடியில்தான் மண் இளகலாக இருந்தது. அங்கே தோண்டினான். ஒரு குழாய் போதாதென்று, செட்டுக்கு ஒன்று பெட்டிக்கு ஒன்று என்று தாராளமாக இரண்டு இறக்கினான். மல்லிகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கம்பிகளை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து மாட்டிச் சுவிட்சைப் போட்டான்.

இதுவரை உறுமிய பெட்டி இப்போது காளைமாதிரி முக்காரமிட்டது.

இந்த முறை அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு நேரிலேயே வந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார், மோவாயைத் தடவினார், இடம் சரியில்லை, மூலைக்குத் தள்ளு என்றார். தள்ளினார்கள். மூலைக்குப் போனதும் இரண்டு சுவர்களும் சேர்ந்துகொண்டன. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிலுகிலுத்தன, மாதா படம் ஆணியில் சாய்ந்தது. செட்டிலிருந்து வந்த வயர் மூலைக்கு எட்டவில்லை என்று வில்பிரட் காலிங்பெல் வயரைச் சேர்த்து நீட்டினான். அந்த வயர் தெருவிலிருந்த கரண்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து பெட்டிக்குள் கொட்டியது.

அண்ணாச்சி சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். "முன்னைக்கு இப்பம் நல்லாத் தெளிவாக் கேக்கு" என்று சொல்லிவிட்டு, கடையில் ஆளில்லை என்று கிளம்பிப் போய்விட்டார்.

சத்தத்தையாவது குறைக்கலாம் என்று வில்பிரட் குமிழைத் திருகினான். அது எதிர்ப்பக்கம் ஓடிக் கடைசிவரை போய் இறுகிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பலம் காட்டினான். குமிழ் கையோடு வந்துவிட்டது.

அவனுக்கு அழுகையே வந்தது. பின்பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் மட்டும் உறுமல் பாதியாய்க் குறைந்தது. கையை எடுத்தால் திரும்ப வந்தது. ஆயுசு முழுவதும் இப்படிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியுமா? இனிக் கப்பலுமில்லை, பம்பாயுமில்லை, சாகும்வரை சீரியல் பல்புதான். உறுமலை எடுத்துவிடு, இல்லையென்றால் என்னை எடுத்துவிடு என்று சாய்ந்திருந்த மாதாவிடம் மனமுருகக் கேட்டான்.

கதவு திறந்தது. நாளைக்கு வர வேண்டியவர்கள் இன்றைக்கே மத்தியான பஸ்ஸில் வந்து நின்றார்கள்.

ரோச் வாசலிலேயே நின்று பார்த்தார். தரையெல்லாம் ஈரமண், ஜன்னலில் கம்பி, சாய்ந்த படம், மச்சினன் கையில் குமிழ். வில்பிரட் பதறி எழுந்தான். தகட்டிலிருந்து கை விலகியதும் பெட்டி முழுக்குரலில் முழங்கியது.

ரோச் சிவந்த கண்களோடு நேராக மூலைக்கு நடந்துவந்தார். அறை விழப்போகிறது என்று வில்பிரட் கன்னத்தை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ரோச் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை நழுவியது. தலை பின்னால் சரிந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

அதிர்ச்சியில் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே வில்பிரட் நினைத்தான். கடிதம் போகட்டும், அக்கா தாலிக்கே உலை வைத்துவிட்டோமே என்று குமிழைக் கீழே போட்டான்.

"அத்தான், இப்பவே அணைச்சிருதேன் அத்தான்" என்று சுவிட்சுக்குப் பாய்ந்தான்.

அமலோற்பவம் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"ஏலே, கப்பல் வேல வேணும்னா அந்தச் சுவிட்சத் தொடாத," என்றாள் குரலைத் தாழ்த்தி. "எஞ்சின் சத்தம் கேக்காம இருவத்திமூணு நாளாக் கண்ணு மூடாத மனுசன், இன்னைக்குத்தாம்ல தூங்குதாரு."