குகதாசன் செத்துக் கிடந்த பின்னேரம்

நாடியைச் சீலையால் கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து முடிந்த நேரத்தில்தான் வாசல் படலையில் அந்தக் குரல் கேட்டது.

"உருத்திரபுரத்து ஆள் ஒருத்தர் இஞ்ச வந்தவரோ? பட்டுவேட்டி கட்டின ஆள்."

குகதாசனுக்கு உண்மையாகவே உயிர் போனது. அவருடைய மனிசி. பத்மாசனி. கட்டிலால் குதித்து ஓடலாம் என்றால் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்கவும் வழியில்லை. செத்தவனுக்கு ஏன் இவ்வளவு கட்டு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எழும்பி ஓடிவிடுவான் என்ற பயம்தான்.

அது வட்டக்கச்சியில் ஒரு வீட்டு முற்றம். குறும்படம் எடுக்கிறார்கள். எடுக்கிறவன் கிருசாந்தன், கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுக்கிறவன். படத்தில் ஒரு செத்தவீடு வருகிறது. பிணம் குகதாசன். வசனம் ஒன்றும் இல்லை. ஆனாலும் படத்தில் நடுவில் கிடக்கிறது அவர்தான்.

"உரம் எடுக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டவர், தம்பி," பத்மாசனி கிருசாந்தனிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "உரம் எடுக்கப் பட்டுவேட்டி கட்டுற ஆளை நீங்கள் எங்கையும் கண்டிருக்கிறியளோ? முகச்சவரம் வேற. சந்தியில கேட்டன். படம் எடுக்கிற வீட்டுக்குப் போனவர் எண்டு கடைக்காரர் சொன்னார்."

நடிக்கப் போகிற பேச்சை அவர் வீட்டில் ஒருக்கால் எடுத்துப் பார்த்தவர்தான்.

"பத்மா, நான் நடிப்பைத் தொழிலாச் செய்யப் போறன்."

"நடிக்கிறது இருக்கட்டும். கிழக்கு வேலிக்குக் கதியால் நடுங்கோ முதல்."

"என்ர அப்பர் கூத்தில ராசா. தெரியுமோ?"

"தெரியும். இரவு ராசா, விடிஞ்சா மற்றவன்ர வயலில கூலி. உங்கட ஆக்களின்ர நடிப்புத் தொழில் அவ்வளவுதான்."

அதோடு அந்தக் கதை முடிந்தது. பிணமாகக் கிடக்கக் கேட்டிருக்கிறார்கள் என்பதை அவர் மூச்சும் விடவில்லை. அதைச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் சாவு என்ற சொல்லே கிடையாது. மகன் தயாபரன் கடைசிச் சண்டையில் மாத்தளன் பக்கம் காணாமல் போனவன். பதினைந்து வருசத்துக்கு மேல். அவன்ர படத்துக்கு மாலை போடவில்லை, திவசம் செய்யவில்லை. அவன் வருவான் என்றுதான் பத்மாசனி உயிரோடு இருக்கிறாள், அது உடைந்தால் அவளும் உடைந்துபோவாள் என்பது குகதாசனின் எண்ணம்.

அதனால் வருசா வருசம் முள்ளியவளைச் சாத்திரியாரிடம் போய்வந்த ஆளாக முகம் மலர நிற்பார். "பெடியன் இருக்கிறானாம். கடலுக்கு அங்காலயாம். நல்லாச் சாப்பிடுறானாம்."

சாத்திரியார் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. முதல் தரம் போனபோதே சாதகக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் தட்சணையைத் திருப்பிக் கொடுத்தவர். அதற்குப் பிறகு குகதாசன் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் பின்னேரம் வரை குந்தியிருந்துவிட்டு வந்து நடிப்பார். அவள் நம்பினாள். அதில் வந்த தலைக்கனம்தான் இந்த நடிகர் ஆசை. இவ்வளவு காலம் பிடிபடாத நடிகன் வன்னியில் வேறு யார்?

இப்போது அவள் முன்னால் நாடி கட்டிக் கிடக்கிறார். செருப்புச் சத்தம் கிட்ட வந்தது. அலறப் போகிறாள் என்று கண்ணை இறுக்கி மூடினார்.

"இந்தா கிடக்கிறார்," என்றாள் பத்மாசனி. "வேட்டி கசங்கப் போகுது."

"பயப்பிடாதேங்கோ அம்மா, இது சும்மா நடிப்பு."

"எனக்குத் தெரியாதே? வேலை எண்டு சொன்னா வீட்டிலயும் இப்பிடித்தான் செத்துக் கிடப்பார்."

நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிருசாந்தன் மட்டும் சிரிக்கவில்லை. பெண்சாதியாக அழ வேண்டிய கஜனி வவுனியாவிலிருந்து வந்த பஸ் மாங்குளத்தில் பழுதாகி நின்றுவிட்டது. வெயில் இறங்குகிறது. அவன் பத்மாசனியை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"அம்மா, ஐயாவுக்கு நீங்களே ஒருக்கா அழுறியளோ?"

"இவருக்கோ? என்னத்தைச் சொல்லி அழுறது?"

"உங்களுக்கு வாறதைச் சொல்லுங்கோ."

"இவர் திருப்பிக் கதைக்க மாட்டாரோ?"

"பிணம் எப்பிடியம்மா கதைக்கும்?"

"அப்ப சரி."

அவள் தலைமாட்டில் குந்தினாள். கமரா ஓடியது.

"ஐயோ, உரம் எடுக்கப் போன என்ர ராசா! கதியால் நடாமப் போட்டீங்களே, ஊர் மாடெல்லாம் உள்ளுக்க நிண்டு மேயுதே!"

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினார்கள்.

"சாத்திரியார் சொன்னவர், சாத்திரியார் சொன்னவர் எண்டு வந்து நிண்டீங்களே! அந்த மனிசன் செத்து மூண்டு வருசம். செத்தவீட்டுக்கு நான் போய் வந்தனான். செத்த ஆளைக் கொண்டு எங்கட பிள்ளைக்குச் சாத்திரம் சொல்லுவிச்சீங்களே!"

குகதாசனின் நெஞ்சு ஒருக்கால் தூக்கிப் போட்டது.

"அதுக்கு முதலே எனக்குத் தெரியும். சாத்திரம் கேட்டிட்டு வாற ஆள் கட்டின சாறத்தில ஏன் கடல் மண்? தோய்க்கிறது நானெல்லே! நான் நம்பினன் எண்டே நினைச்சீங்கள்? நம்பாட்டி அந்தக் கடலுக்கையே இறங்கிப் போடுவீங்கள் எண்டுதான் ஒவ்வொரு வருசமும் தலையாட்டினன்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வசனம் படிக்காமல், ஒருத்தரிடமும் நடிப்புப் பழகாமல், அதே வீட்டில், அதே அடுப்படிக் குசினியில் அவள் அவருக்கு முன்னாலேயே நடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவருக்குத் துளி தெரியவில்லை.

பிறகு குரல் மாறியது. அவள் முன்னால் கிடந்தவரைப் பார்க்கவே இல்லை.

"உனக்கொரு நாடி கட்டேல்லையே, என்ர தயாபரன். வாய்க்கரிசி ஒரு பிடி போடேல்லையே. எந்த மண்ணுக்க கிடக்கிறாய் எண்டு தெரியாம உன்ர சேட்டுகளைத் தோய்ச்சுத் தோய்ச்சு மடிச்சு வைச்சனே. நீ போயிட்டாய் எண்டு சொல்லி அழ எனக்கொரு இடமில்லாமப் போச்சே, ராசா!"

அவள் குகதாசனின் நெஞ்சில் விழுந்து அழுதாள். அந்த அழுகையை அவர் இவ்வளவு வருசத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. கிருசாந்தன் கமராவை நிற்பாட்ட மறந்துபோனான்.

கனநேரம் கழித்துத்தான் அதை நிற்பாட்டினான். "காணும் அம்மா, போதும்." பிறகு எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான். "உங்கட பக்கம் ஒரு பிழையும் இல்லை. அடுத்த படத்துக்கும் நீங்கள்தான் வரோணும். ஐயாவின்ர பக்கம்தான் சரிவரேல்ல. பிணத்தின்ர கண்ணால தண்ணி ஓடுது."

கால் விரல் கட்டை அவிழ்த்தார்கள். நாடிக்கட்டைப் பத்மாசனியே அவிழ்த்தாள். இனி வாய் திறக்கலாம். அவர் திறக்கவில்லை. கண்ணும் மூடியபடி. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது ஐயா, எழும்புங்கோ," என்றான் கிருசாந்தன்.

பத்மாசனி சேலைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவருடையதைத் துடைத்தாள்.

"காணுமப்பா, ரெண்டு பேரும் நடிச்சது. எழும்புங்கோ, வீட்டை போவம்."

அவர் எழும்பவில்லை. அவருக்கு இன்னும் அழ இருந்தது.